ஐஸுக்கு அடியில் மீனுக்கு மூச்சு முட்டாதா சார்?

காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 31 வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். வருடம் தவறாமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. தண்ணீர் குளிரக் குளிரச் சுருங்கும், ஆனால் 4 டிகிரி வரைக்கும்தான். அதற்குக் கீழே போனால் மறுபடி விரியும். அதனால் 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் போய்த் தங்கும். குளிர்நாடுகளில் ஏரியின் மேல்பக்கம் உறைந்தாலும் கீழே மீன்கள் உயிரோடு இருப்பது இதனால்தான். கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து மேலே 0, கீழே 4 என்று எழுதி, நடுவில் இரண்டு மீன் போடுவேன். ஐந்து மார்க் கேள்வி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும்.

இதை நடத்தியது மார்ச் பிறந்தாலே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும் ஊரில். நானும் சரி, பிள்ளைகளும் சரி, பார்த்த ஐஸ் இரண்டே வகை. சைக்கிளில் வரும் குச்சி ஐஸ், அணைக்கட்டில் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ் பாளம்.

1990களின் கடைசியில் பெரியமுத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். "சார், மேல மூடிக்கிச்சுன்னா அடியில மீனுக்கு மூச்சு முட்டாதா?" அவன் அப்பா கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பரிசலில் போய் வலை போடுகிறவர். மீனைப் பற்றி அந்த வகுப்பில் அதிகம் தெரிந்தவன் அவன்தான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். "புத்தகத்துல இருக்கறத எழுதுடா, போதும்" என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியாது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து அந்தக் கரும்பலகைப் பெட்டியின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம், அதனால் பிப்ரவரியிலேயே நாங்கள் இருவரும் போய்விட்டோம். வீட்டம்மாவுக்கு அங்கே ஆயிரம் வேலை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மருமகனுக்கும் எனக்கும் பேச்சு "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை" என்ற அளவோடு நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவரே வந்து, "நாளைக்கு மீன் பிடிக்கப் போலாமா மாமா?" என்றார். வெளியே மைனஸ் 16.

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒன்றேகால் மணி நேரம் போனால் சிம்கோ ஏரி. 722 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 41 மீட்டர். நம் அணை 52 அடி நிறைந்து கடல் மாதிரி நிற்கும்போதும் அக்கரை மலை தெரியும். அங்கே கரையில் நின்று பார்த்தேன், வெள்ளை, அதற்கப்பால் இன்னும் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான். அந்த வெள்ளையின் மேல் சின்னச் சின்னக் குடிசைகள். திருவிழாக் கடை போட்ட மாதிரி இருந்தது.

முதலில் லைசன்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 65 தாண்டியவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாமாம், ஆனால் அது கனடாக்காரர்களுக்கு மட்டும். 66 வயது வாத்தியார் ஒரு நாள் லைசன்ஸ் எடுத்தேன். வாழ்க்கையில் தூண்டில் போட அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் அப்பா காலத்தில் ஆற்று மடுவில் தூண்டில் போட அம்மாவிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதும்.

குடிசைக்கு வாடகை கட்டினால் அவர்களே வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டை ஓடுகிற, முன்னால் சறுக்குக்கட்டை வைத்த பழைய பொம்பார்டியர் வண்டி. வட்ட வட்டமாக ஜன்னல், உள்ளே டீசல் வாடை. ஏரியின் மேல் வண்டி ஓடுகிறது என்று உடம்பு நம்பவில்லை. கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை எவ்வளவு தூரம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நடந்து போக 4 அங்குல ஐஸ் போதும், அன்றைக்கு அங்கே ஒன்றேகால் அடி இருந்தது என்று மருமகன் கணக்குச் சொன்னார். கணக்கு புரிந்தது. கை கம்பியை விடவில்லை.

குடிசை என்பது ஒரு பெட்டிக்கடை அளவு. இரண்டு பக்கமும் பெஞ்சு, மூலையில் கேஸ் அடுப்பு, தரையில் இரண்டு ஓட்டை. கதவை மூடியதும் உள்ளே இருட்டு. கீழே ஓட்டை மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. பனியையும் ஐஸையும் தாண்டி வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, அங்கிருந்து நம்மைப் பார்த்து மேலே வருகிறது. குனிந்து பார்த்தால் 25 அடிக்குக் கீழே தரை தெரிகிறது. வரிக்குதிரைச் சிப்பி என்று ஒன்று வெளியிலிருந்து வந்து பரவி, தண்ணீரை வடிகட்டி வடிகட்டி இப்படித் தெளிய வைத்துவிட்டதாம். தெளிவு அழகுதான், ஆனால் மீன் குஞ்சுகள் தின்னும் நுண்ணுயிர்களையும் சேர்த்து அது விழுங்கிவிடுகிறது.

மருமகன் தூண்டிலைத் தயார் செய்யும் நேரத்தில் நான் ஓட்டை ஓரம் மண்டியிட்டு அளந்தேன். ஐஸின் மேல்மட்டத்திலிருந்து தண்ணீர் ஒரு விரற்கடை கீழே நின்றது. மிதக்கும் ஐஸில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே இருக்கும். அதற்கும் ஒரு பாடம் நடத்தியிருக்கிறேன். "என்ன மாமா தேடறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் கொடுத்தது முழ நீளத் தூண்டில், கம்பு மாதிரியே இல்லை, அகப்பை மாதிரி இருந்தது. முள்ளில் சுண்டுவிரல் அளவு வெள்ளிக் குஞ்சு மீன். அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மீன் கடித்ததா, என் கை நடுங்கியதா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்புறம் தூண்டிலை ஓரமாக வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். அப்பா சொல்லிக் கொடுத்த முறை. நூல் விரல் மடிப்பில் படிந்திருக்க வேண்டும், இறுகக் கூடாது. கெண்டை என்றால் தட்டும், கெளுத்தி என்றால் இழுக்கும், நண்டு என்றால் சுரண்டும்.

ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. வாயில் வைத்துச் சூடு பண்ணினேன். மறுபடி சுற்றினேன். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ, நூலில் யாரோ நகத்தால் இரண்டு தடவை சுண்டிய மாதிரி. கெண்டைத் தட்டு! கை தானாகவே வெட்டி இழுத்தது. மேலே வந்தது ஒரு சாண் நீள மஞ்சள் பெர்ச். தங்க நிற உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், அடித்துடுப்பு ஆரஞ்சு. முதுகுத் துடுப்பை நம் ஜிலேபி மீன் மாதிரியே விரித்துக் கையில் குத்தியது. குத்தியது தெரியவில்லை, ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

மருமகன் அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். "எப்படி மாமா?" என்று கேட்டு அவரும் கையுறையைக் கழற்றினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

நடுவில் ஒரு சத்தம். ஏரியின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு லாரி டயர் வெடித்துக்கொண்டே ஓடிய மாதிரி. நான் எழுந்து கதவிடம் போய்விட்டேன். "ஐஸ் விரிசல் விடுது மாமா, குளிர் ஏறினா அப்படித்தான் கத்தும். பயப்படாதீங்க" என்றார். அவர் ஏழு வருடமாகக் கேட்கிறார். எனக்கு ஏழு நிமிடம் ஆனது திரும்ப உட்கார.

முழு லைசன்ஸ் இருந்தால் ஒரு நாளைக்கு 50 பெர்ச் வரை எடுக்கலாமாம். எங்களுக்கு 14 கிடைத்தது. நாலரைக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஆறு மணிக்குத்தான் வந்தது. கேஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. நடத்துகிறவருக்கு எங்கள் குடிசையே மறந்துபோயிருக்கிறது. வாடகை மட்டும் காலையிலேயே ஞாபகமாக வாங்கிக்கொண்டார். அந்த ஒன்றரை மணி நேர இருட்டில்தான் மருமகன் அவருடைய அப்பாவைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். அது இங்கே வேண்டாம்.

மீனை வீட்டில் கொண்டுவந்து போட்டதும் வீட்டம்மா புளி கரைத்துவிட்டாள். மருமகன் மாவில் புரட்டிப் பொரிக்கலாம் என்றார், தோற்றார். களி கிண்ட ராகி மாவு எங்கே கிடைக்கும் என்று தேடியபோதுதான், ஸ்கார்பரோவில் ஈழத்துக்காரர்கள் கடையில் 'குரக்கன் மா' என்று எழுதிய பொட்டலம் அதேதான் என்று தெரிந்தது. பெர்ச் மீனில் முள் குறைவு, சதை கொஞ்சம் தித்திப்பு. குழம்பு ஒட்டவில்லை என்பது என் கருத்து. களி ஒட்டியது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவு தூரம் போய், ஓட்டை ஓரம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, அடித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் வந்துவிட்டேனே! மகளிடம் சொன்னேன். மீன் தொட்டிக்குள் வைக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தந்தாள். ஒரு காலி ஊறுகாய் பாட்டில், அதைச் சுற்றி மருமகனின் பழைய கம்பளிக் காலுறை. பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர். அடியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு வேகமாக இழுத்தால், வழியில் வெப்பம் மாறுவதற்குள் படித்துவிடலாம். ஆய்வகத்தில் உருப்படியாக ஒரு சாமானும் இல்லாமல் 31 வருடம் ஓட்டியவனுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை.

மார்ச் முதல் வாரம் மறுபடி போனோம், வேறு ஆளிடம் குடிசை எடுத்து. ஐஸ் இளகும் முன்பே எல்லாக் குடிசைகளையும் ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சட்டம், அதனால் அதுவே கடைசி வாய்ப்பு. இந்த முறை 80 அடி ஆழம். மருமகன் ஒரு ஓட்டையில் வெள்ளை மீனுக்குத் தூண்டில் போட்டார். இன்னொரு ஓட்டையில் நான் ஊறுகாய் பாட்டிலை இறக்கினேன். குளிர்காலத்தில் ஆளுக்கு இரண்டு தூண்டில் வரை அனுமதி, முள் இல்லாத ஊறுகாய் பாட்டில் எந்தக் கணக்கில் வரும் என்று இரண்டு பேரும் சட்டம் பேசினோம்.

ஐஸுக்கு ஒட்டின மாதிரி வைத்தபோது 0-வைத் தாண்டி ஒரு மயிரிழை. பாதி ஆழத்தில் 2. அடியில் 3.

3-தான். இரண்டாம் தடவை இறக்கினேன், 3. மூன்றாம் தடவை இருபது நிமிடம் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். 4 வரவேயில்லை.

"தெர்மாமீட்டர் சரியில்லையோ என்னவோ மாமா" என்று அவர் சமாதானம் சொன்னார். வீட்டுக்கு வந்து உடைத்த ஐஸ் கரைகிற தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், சரியாக 0 காட்டியது. அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். காரணம் காற்று. இவ்வளவு பெரிய ஏரி 4 டிகிரிக்கு வந்த உடனே மேலே மூடிக்கொள்வதில்லை. டிசம்பர்க் காற்று புரட்டிப் புரட்டி, மொத்தத் தண்ணீரையும் 4-க்குக் கீழே இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு காற்று அடங்கிய ஒரு ராத்திரியில்தான் ஐஸ் பிடிக்கிறது. கனமான தண்ணீர் அடியில் என்பது மாறவில்லை. ஆனால் 4 என்பது என் கரும்பலகைப் பெட்டியில் இருந்த அளவுக்கு நிச்சயமாக அங்கே இல்லை.

படிக்கும்போது இன்னொன்றும் கிடைத்தது. 0 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். நம் ஊர் 30 டிகிரித் தண்ணீருக்கு ஏழரைதான் முடியும். குளிரில் மீனுக்குத் தேவையும் குறைந்துவிடும். பெரிய ஏரி என்றால் மூடி கிடக்கும் மாதங்களுக்கு அந்தக் கையிருப்பு தாங்கும். சின்னக் குட்டையாக இருந்து, மேலே பனி மூடி வெளிச்சமும் போகாமல், அடியில் செடிகொடி அழுகினால் தாங்காது. ஐஸ் உருகும்போது மீன்கள் செத்துக் கிடக்கும். பெரியமுத்தூர்ப் பையனுக்குப் பதில் இது. முட்டாது, சில இடத்தில் முட்டும்.

சிம்கோவுக்கே மூச்சு முட்டியிருக்கிறது, அதுவும் ஐஸ் இல்லாத காலத்தில். வயலிலிருந்தும் ஊர்ச் சாக்கடையிலிருந்தும் பாஸ்பரஸ் இறங்கி, பாசி பெருகி, அது செத்து அடியில் அழுகி, கோடைக் கடைசியில் ஆழத்து ஆக்சிஜன் குறைந்து, குளிர்ந்த ஆழத்தில் வாழும் ட்ரவுட் மீனின் இனப்பெருக்கமே நின்றுபோனது. 2008-இல் அந்த ஒரு ஏரிக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வருடத்துக்கு 44 டன் பாஸ்பரஸுக்கு மேல் இறங்கக் கூடாது, ஆழத்தில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று இலக்கு. இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஏரி எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்று எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. நந்தி மலையில் புறப்பட்டு பெங்களூரு ஓரமாக வரும் நம் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கிற காட்சியை மருமகன் அங்கிருந்தே போனில் பார்த்து வைத்திருக்கிறார். "அந்தத் தண்ணிதானே மாமா நம்ம அணைக்கு வருது?" என்றார். அதுதான்.

கோடையில் ஏரி வேறு ஆளாக மாறிவிட்டது. ஜூனில் சிபால்ட் பாயிண்ட் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். வழியில் பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன், நடுத்தட்டில் டப்பா டப்பாவாக உயிர் மண்புழு. ஒரு டஜன் இவ்வளவு என்று விலை ஒட்டி! வாழைமரத்தடியில் கொட்டாங்கச்சியோடு தோண்டியவன் நான், காசு கொடுக்கக் கை வரவில்லை. பேத்தி அழுததால் வாங்கினேன்.

பூங்கா முழுக்கத் தமிழ்தான். பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் என் நூலைப் பார்த்துவிட்டு, "ஐயா கையாலதான் பிடிக்கிறீங்களோ? எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்" என்று வந்து உட்கார்ந்தார். அவர் கடல் பார்த்தவர், நான் ஆறு பார்த்தவன். நாலு பெர்ச்சும் பாஸ் என்ற மீன் ஒன்றும் மாட்டின. பாஸ் பிடிக்க இன்னும் காலம் திறக்கவில்லை என்று அதைத் திரும்ப விடச் சொன்னார் பெரியவர். முக்கால் கிலோ இருக்கும். மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் முள்ளைக் கழற்ற நான் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

ஊர் திரும்பும் முன் மருமகன் ஏரியின் வடகோடிக்குக் கூட்டிப்போனார். சிம்கோவும் குச்சிசிங் ஏரியும் சேருகிற ஒடுக்கமான கால்வாய். அங்கே தண்ணீருக்கு அடியில், பூர்வகுடிகள் மீனை வழிமறிக்க நட்ட மரக்குச்சிகள் இருக்கின்றன. சில 4,500 வருடத்துக்கும் முந்தியவை. ம்ஞ்சிகனிங் என்று பெயர், மீன் வேலி இருக்கும் இடம் என்று அர்த்தமாம். தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று மோஹாக் என்ற பூர்வகுடி மொழியில் இதைச் சொன்ன வார்த்தைதான் நகர்ந்து நகர்ந்து டொராண்டோ ஆனது. மதகு மூடியதும் நம் ஆட்கள் வாய்க்காலில் குச்சி நட்டு மூங்கில் தட்டி கட்டுவார்களே, அதே வேலைதான். மேலே பாலத்தில் கார்கள் போய்க்கொண்டே இருந்தன, பார்க்க ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்டில் ஊர் வந்து சேர்ந்தேன். வந்த மூன்றாம் நாள் அணைக்குப் போனேன். அந்தப் பையன் (பையன் என்ன, நாற்பதைத் தாண்டிவிட்டான்) இப்போது அங்கே மீன் வறுவல் கடை வைத்திருக்கிறான். அப்பா போட்ட பரிசல் கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. ஜிலேபியைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, நீ கேட்டதற்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். எதைக் கேட்டோம் என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை. சொன்னதும் சிரித்துவிட்டான்.

"அதையா சார் இவ்ளோ நாளா வெச்சிருந்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, பச்சை வெளிச்சம், ஊறுகாய் பாட்டில், 14 மில்லிகிராம், ஏழரை. கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினான்.

"சார், ஏப்ரல் மே மாசம் விடியக்காலைல இங்க மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். எங்கப்பா அதக் காட்டி, மூச்சு முட்டுது பாருன்னு சொல்வார். ராத்திரில தண்ணிக்குள்ள காத்து கொறஞ்சிடும்பார். தெறந்து கெடக்கற தண்ணிலயே இப்படின்னா, மூடிக்கிட்டா என்னாகும்னுதான் அன்னிக்கு கேட்டேன்."

சரியாகச் சொல்லியிருக்கிறார் அவர் அப்பா. ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், வெளியே விடாது. விடியலில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவு. எனக்கு அது போன மார்ச்சில்தான் தெரியும்.

மீனை மசாலாவில் புரட்டிச் சட்டியில் போட்டான். எண்ணெய் அடங்கியதும் திரும்பி, "அடியில எவ்ளோ சார் காட்டுச்சு, 4-தானே?" என்றான்.

"3."

"நான் 4-ன்னு எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேனே சார்."

"வாங்கினே."

"அப்ப ஒரு மார்க்க திருப்பித் தரணுமா?" என்று கேட்டுவிட்டு, வாழை இலையில் ஒரு ஜிலேபியை வைத்து என் பக்கம் தள்ளினான்.